மலையில் நில உபயோக மாற்றம், கட்டட அனுமதி: மனு யார் கைக்குப் போகிறது, முடிவெடுப்பது யார்?

கட்டபெட்டு_காற்று:
கோத்தகிரி தாலுகா, ஊராட்சிப் பகுதி. 40 சென்ட் தேயிலை, தனிப்பட்டா. ஓரமாக ஒரு வீடு, அதையொட்டி வாடகைக்கு விட இரண்டு அறை. ஊராட்சியில் கேட்டால் டிடிசிபி-க்கு (நகர் ஊரமைப்பு இயக்ககம்) போகச் சொல்கிறார்கள். அங்கே கேட்டால் ஹாக்கா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) என்கிறார்கள். பத்திர எழுத்தரோ கலெக்டர் கையெழுத்து வந்தால் எல்லாம் முடிந்தது என்கிறார். சென்னையில் சிஎம்டிஏ (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) என்று ஒரே பெயர் காதில் விழுகிறது. மலையில் உண்மையில் யார் பார்க்கிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புலப்படம்:
யார் என்று கேட்பதற்கு முன்னால் எந்த நிலம் என்று கேளுங்க. சர்வே எண்தான் ஆபீசைத் தீர்மானிக்குது.

முதலில் அது நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்று பாருங்க. வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் விழுந்தால் கதையே வேறு. அங்கே 2006-ஆம் ஆண்டு கன்டோன்மென்ட் சட்டப்படி வாரியம்தான் அனுமதி தரும், குன்னூர் நகராட்சிக்கு வேலை இல்லை. அடுத்தது, உங்க சர்வே எண் மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதற்கு என்று வகைப்படுத்தும் முழுமைத் திட்டம்) எல்லைக்குள் வருதா, வந்தால் என்ன வண்ணம் போட்டிருக்காங்க (குடியிருப்பு, விவசாயம், வணிகம்). பிறகு, கிராமம் ஹாக்கா பட்டியலில் இருக்கா. கடைசியாகப் பார்க்க வேண்டியது, ஆனால் முதலில் கழுத்தைப் பிடிக்கிறது: 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த எண் அறிவிக்கப்பட்டிருக்கா. அந்தப் பட்டியலில் இருந்தால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் கட்டவும் முடியாது, விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாது. வாங்கினவர் கையில் பத்திரம் இருக்கும், உரிமை ஆட்டம் கண்டுகிட்டு இருக்கும்.

எடுக்க வேண்டிய காகிதங்கள்: பட்டா, அ-பதிவேடு நகல், புலப்படம், அடங்கல், 30 வருட வில்லங்கச் சான்று. அ-பதிவேட்டை எல்லாரும் விட்டுடறாங்க. ரயத்துவாரியா, ஒப்படை நிலமா, ஓடைப் புறம்போக்கு ஒட்டியிருக்கா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

இன்னொன்று. 40 சென்ட் என்றால் 16.19 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்). பட்டாவில் 0 - 16.00 (ஹெக்டேர் - ஏர்) என்று இருந்தால் உங்களிடம் இருப்பது 39.5 சென்ட். குறையும் 19 சதுர மீட்டர் ஏதோ ஒரு ஓரத்தில் பக்கத்துக்காரர் புலத்தில் உட்கார்ந்திருக்கும். பத்திர அளவை வைத்து வரைபடம் போட்டு, பட்டா அளவை வைத்து சர்வேயர் சரிபார்த்தால், பக்க இடைவெளி போதவில்லை என்று கோப்பு திரும்பி வரும். உட்பிரிவுத் திருத்தத்தை முடிச்சுட்டு மனு போடுங்க.

சென்னை_வரைவாளர்:
சிஎம்டிஏ பற்றிச் சொன்னதால் ஒப்பிட்டுவிடுகிறேன். சென்னையிலும் ஒரே ஆள் முடிவு செய்வதில்லை. சிறிய கட்டடங்களுக்கு மாநகராட்சிக்கும் மற்ற உள்ளாட்சிகளுக்கும் அதிகாரம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் சிஎம்டிஏ. 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடம் என்ற வகை. தீயணைப்பு, போக்குவரத்துக் காவல் எல்லாம் வந்துவிடும்.

நில உபயோக மாற்றம் தனி வண்டி. 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தில் உங்கள் இடத்துக்கு ஒரு வகைப்பாடு இருக்கிறது. அதை மாற்றுவது என்றால் சட்டப்படி அந்தத் திட்டத்தையே திருத்துவதுதான், 1971 நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 32. அதனால்தான் பத்திரிகை விளம்பரம், ஆட்சேபணைக்கு அவகாசம், தொழில்நுட்பக் குழு, அதன் பிறகு குழுமக் கூட்டம், கடைசியில் அரசிதழ். தொழில்நுட்பக் குழு பரிந்துரைதான் செய்யும். அது சரி என்றாலும் குழுமம் மறுக்கலாம்.

மலைக்கும் இதே சட்டம்தான். சிஎம்டிஏ இடத்தில் நகர் ஊரமைப்பு இயக்ககம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொடை_கல்சுவர்:
அவ்வளவுதான்னு முடிச்சுட்டீங்களே அண்ணே. சென்னையில தரை ஓடாது. இங்க ஓடும். அதுக்காகத்தான் 1990-ல மலையிடப் பாதுகாப்புக் குழுமம்னு தனியா ஒன்னு வச்சாங்க, நம்ம ஹாக்கா. அரசுச் செயலர் மட்டத்தில உள்ளவர் தலைமை. கோப்பைத் தயார் பண்ணி முன்னால வைக்கிறது நகர் ஊரமைப்புத் துறை. வனம், கனிமவளம், வேளாண் பொறியியல், வருவாய்த் துறைகளோட கருத்து இல்லாம அங்க கோப்பே எழுந்து நிக்காது.

கொடைக்கானல் டவுனுக்குள்ள ஒரு விதம், வில்பட்டி, பெருமாள்மலை, அடுக்கம் பக்கம் ஒரு விதம். டவுன்ல மாஸ்டர் பிளான் இருக்கு, நகராட்சிப் பொறியாளர் பிரிவு இருக்கு. ஊராட்சியில செயலர் ஒருத்தர், ஒரு ரசீது புத்தகம். அந்த ரசீதை அனுமதின்னு நம்பிக் கட்டினவங்க வீட்டு வாசல்லதான் முதல்ல நோட்டீஸ் ஒட்டுறாங்க.

உள்ளூர்வாசி_மன்னவனூர்:
ஊராட்சித் தலைவர்தான் நிர்வாக அதிகாரி என்று 1994 ஊராட்சிகள் சட்டமே சொல்லுது. தீர்மானம் போட்டுக் கொடுத்தால் ஏன் செல்லாது? எல்லாத்தையும் சென்னைக்குத் தூக்கிட்டுப் போனால் ஊராட்சி எதுக்கு?

வழக்குக்கட்டு:
ஆதங்கம் நியாயம்தான், ஆனால் சட்டம் அப்படி இல்லை. இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திட்ட அனுமதி 1971 சட்டத்தின் கீழ். கட்டட அனுமதி உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ். இரண்டுக்கும் விதிகள் இப்போது 2019 பிப்ரவரி 4 முதல் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன, ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். விதி ஒன்றானதால் அதிகாரமும் ஒன்றாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கடைசிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது தலைவரோ ஆணையரோதான். அதற்கு முன் டிடிசிபி-யின் தொழில்நுட்ப ஒப்புதலும், ஹாக்கா கிராமமாக இருந்து கட்டடம் அதற்கான வரம்பைத் தாண்டினால் ஹாக்கா குழுமத்தின் இசைவும் வந்திருக்க வேண்டும். அவை இல்லாத கையெழுத்து அதிகாரம் இல்லாத கையெழுத்து. வங்கியின் சட்ட ஆலோசகர் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

மாஸ்டர் பிளானுக்கு வெளியே உள்ள விவசாய நிலத்துக்கு அதே 1971 சட்டத்தின் பிரிவு 47-ஏ. மனு உள்ளாட்சியில்தான் போட வேண்டும், ஆனால் நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு இல்லாமல் உள்ளாட்சி அனுமதி தர முடியாது. இதற்கான விதிகள் 2017-ல் வந்தன. வேளாண்மைத் துறையின் கருத்து கேட்பார்கள். கட்டபெட்டு நண்பரின் 40 சென்ட் மாஸ்டர் பிளானுக்கு வெளியே என்றால் இந்த வழி. உள்ளே என்றால் சென்னை நண்பர் சொன்ன பிரிவு 32: உள்ளாட்சித் தீர்மானம், விளம்பரம், ஆட்சேபணை, மாவட்ட அலுவலக அறிக்கை, பிறகு இயக்ககம், அரசு என்ற மட்டத்தில் முடிவாகி அரசிதழில் வரும்.

கலெக்டர் கையெழுத்தோடு முடியும் என்பது பாதி உண்மை. கலெக்டருக்கு மலையில் பல தொப்பி. வருவாய்த் துறைத் தடையின்மைச் சான்று அவருடையது. தனியார் காடுகள் குழுவின் தலைமை அவருடையது. நீலகிரியில் கட்டடத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் பார்க்கும் ஏ.ஏ.ஏ. கமிட்டியும் அவர் தலைமையில்தான். எந்தத் தொப்பியோடு போட்ட கையெழுத்து என்று பார்க்காமல் கலெக்டரே ஓகே சொல்லிட்டார் என்று அடித்தளம் தோண்டக் கூடாது.

மண்சரிவு_பொறியாளர்:
நான்கு துறையும் ஒரே கேள்வியைக் கேட்பதாகத்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். கேள்வி வேறு, அதனால் கேட்கும் காகிதமும் வேறு.

வருவாய்த் துறை கேட்பது: நிலம் உங்களுடையதா, வகைப்பாடு என்ன, வழி இருக்கிறதா. வனத்துறை கேட்பது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், யானை போகும் வழியா, எத்தனை மரம் விழும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனியே அனுமதி வேண்டும், தேயிலைக்கு நடுவே நட்ட சவுக்கு (சில்வர் ஓக்) மரம் உட்பட. கனிமவளத் துறை கேட்பது: பாறை எவ்வளவு ஆழத்தில், பழைய சரிவின் அடையாளம் இருக்கிறதா, எவ்வளவு வெட்டப் போகிறீர்கள். வேளாண் பொறியியல் துறை கேட்பது: மழைத்தண்ணீர் எங்கே இறங்கும், மண்ணை எது பிடித்து நிறுத்தும்.

கோப்பு திரும்புவதற்கு முதல் காரணம் சரிவைத் தப்பாக எழுதுவது. 40 சென்ட் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 40 மீட்டர். மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 12 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் சரிவு 30 சதவீதம், டிகிரியில் 16.7. ஒரு படிவத்தில் 30 டிகிரி என்று எழுதிவிட்டால் அது கிட்டத்தட்ட 58 சதவீதம். பார்க்கிற பொறியாளர் முகம் சுளிப்பது சரிதான். எங்கும் சதவீதத்தையே எழுதி, பக்கத்தில் டிகிரியையும் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது காரணம் வெட்டு. 30 சதவீதச் சரிவில் 9 மீட்டர் ஆழமான வீட்டை ஒரே தளமாக வைத்து முழுவதும் வெட்டினால் பின்பக்கம் 2.7 மீட்டர் செங்குத்துச் சுவர். பாதி வெட்டி பாதி நிரப்பினால் 1.35 மீட்டர்தான், ஆனால் முன்பாதி நிரப்பிய மண்ணில் நிற்கும். அடுத்த நவம்பர் மழையில் அந்த முன்பாதி இறங்கும், தூண் அங்கே விரிசல் விடும். வீட்டையே 4.5 மீட்டர் ஆழமுள்ள இரண்டு படியாகப் பிரித்தால் ஒவ்வொரு படிக்கும் 1.35 மீட்டர் வெட்டு போதும், அடித்தளம் முழுவதும் இயல்பான மண்ணில். வரைபடத்தில் இந்தப் படிகள் வெட்டுத்தோற்றத்தில் தெரிந்தால் கனிமவளத் துறையின் கேள்விகள் பாதியாகக் குறையும். ஒரு மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோட்டு வரைபடம் இல்லாமல் இதைக் காட்டவே முடியாது. கூகுளிலிருந்து எடுத்த கோடுகளை வைக்காதீர்கள், டோட்டல் ஸ்டேஷன் சர்வே (கருவி வைத்து இடத்திலேயே அளப்பது) செய்யுங்கள்.

மூன்றாவது, தடுப்புச்சுவரைக் காட்டி வடிகாலைக் காட்டாமல் விடுவது. தண்ணீர் வெளியேற ஓட்டை இல்லாத சுவர் மண்ணோடு சேர்த்துத் தண்ணீரையும் தாங்க வேண்டும், தாங்காது. சுவருக்குப் பின்னால் உடைகல் நிரப்பு, ஓட்டைகள், மேல்பக்கம் தண்ணீரைத் திருப்பும் கால்வாய், அது போய்ச் சேரும் ஓடை, எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். செப்டிக் டேங்க் கீழ்வீட்டுக்காரரின் ஊற்றுக்கு நேர் மேலே வந்தால் ஆட்சேபணை நிச்சயம்.

சென்னை_வரைவாளர்:
மலையில் கட்டடத்துக்குச் சொல்லும் 7 மீட்டர் உயர வரம்பை எங்கிருந்து அளப்பார்கள்? சரிவில் முன்பக்கம் ஒரு உயரம், பின்பக்கம் ஒரு உயரம் அல்லவா?

கொடை_கல்சுவர்:
அதுலதான் சண்டையே. பின்பக்கத் தரையிலிருந்து அளந்து ரெண்டு மாடின்னு காட்டுவாங்க, பள்ளத்துப் பக்கம் நின்னு பார்த்தா மூணு மாடி நிக்கும். தூண்களுக்கு நடுவுல வெறும் இடம்னு விட்டது ஆறு மாசத்துல அறையா மாறிடும். பள்ளப்பக்கத் தரையிலிருந்து கூரை உச்சி வரைக்கும் அளந்தாலும் ஏழுக்குள்ள நிக்கிற மாதிரி வரைங்க. ஆய்வுக்கு வர்றவர் எந்தப் பக்கம் டேப் பிடிச்சாலும் கவலை இல்ல.

வழக்குக்கட்டு:
மேலிடத்தில் விலக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று யோசிப்பவர்களுக்கு: 1971 சட்டத்தின் பிரிவு 113-ன் கீழ் அரசு விலக்கு தரலாம்தான். ஆனால் கொடைக்கானலில் ஒரு ஓட்டலின் கூடுதல் மாடிகளுக்குத் தந்த விலக்கை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குப் போட்டு, 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது, காரணமும் கோப்பில் இருக்க வேண்டும். வாங்குபவருக்கும் இது பொருந்தும். அரசாணை இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம்.

ஓவேலி_சாலை:
கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கிறவங்க இதையெல்லாம் படிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. முதலில் உங்க நிலம் ஜென்ம நிலமா (ஜென்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களிடம் இருந்த நிலம்) என்று பாருங்க. 1969-ஆம் ஆண்டு ஜென்மச் சட்டத்தில் பிரிவு 17-க்குள் விழுந்த நிலத்தில் உரிமையே தீரலை, பட்டா இல்லை. பட்டா இல்லாமல் மனுவே தொடங்காது. கரன்ட் கனெக்ஷனுக்கே வருஷக்கணக்காகப் போராடுற இடம்.

மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் பக்கம் என்றால் யானை வழித்தடம். 2010 அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14-ல் உறுதி செய்தது. தனிநபர் ஆட்சேபணைகளைக் கேட்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு. அங்கே டிடிசிபி கையெழுத்து எதையும் காப்பாற்றாது.

கட்டபெட்டு_காற்று:
எல்லாருக்கும் நன்றி. கிராமம் ஹாக்கா பட்டியலில் இருக்கிறது, மாஸ்டர் பிளானுக்கு வெளியே. தேயிலை என்பதால் தனியாக ஏதாவது சிக்கல் வருமா? வாடகை அறைகளை வீடு என்றே காட்டிவிடலாம் என்கிறார் வரைபடம் போடுபவர்.

புலப்படம்:
உங்க 40 சென்ட் எதிலிருந்து பிரிந்தது என்று வில்லங்கத்தில் பின்னோக்கிப் பாருங்க. சிறு விவசாயி தோட்டம் என்றால் பயமில்லை. பெரிய எஸ்டேட்டிலிருந்து துண்டு போட்டது என்றால் 1961 நில உச்சவரம்புச் சட்டம் வந்து நிற்கும். 1960 ஏப்ரல் 6-ல் தோட்டமாக இருந்த நிலத்துக்குத்தான் விலக்கு. தேயிலையைப் பிடுங்கிவிட்டால் விலக்குக்கான காரணமும் போச்சு. குடும்பத்துக்கு 15 தரநிலை ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்ற உச்சவரம்பு தாய் எஸ்டேட்டைத்தான் பிடிக்கும், ஆனால் கேள்வி துண்டு வாங்கினவரிடமும் வரும்.

மனைப்பிரிவாக விற்றதில் ஒரு மனை என்றால் இன்னொரு வாசல். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறைப்படுத்த, மலைப்பகுதிக்கென்று தனி விதி 2020-ல் வந்தது. மனை வரன்முறை ஆகாமல் கட்டட மனு போகாது. கெடுவைப் பலமுறை நீட்டியிருக்காங்க, அதனால் இன்றைய நிலவரத்தை மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேளுங்க.

வழக்குக்கட்டு:
அறைகளை வீடு என்று காட்டுவது மிக மோசமான யோசனை. வீட்டுக்கு அனுமதி வாங்கி அறை வாடகைக்கு விட்டால் பயன்பாட்டு மீறல். சீல் வைக்க அது ஒன்றே போதும். ஆய்வுக்கு வருபவர் கட்டடத்தை அளக்க வேண்டிய அவசியமே இல்லை, முன்பதிவுத் தளத்தில் உங்கள் அறையின் படமும் விலையும் இருக்கும். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதுவார்கள். என்ன செய்யப் போகிறீர்களோ அதையே மனுவில் எழுதுங்கள். கிடைக்காது என்றால் கிடைக்காது என்று கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உள்ளூர்வாசி_மன்னவனூர்:
எழுதினா மட்டும் தர்றாங்களா? குறை சொல்லித் திருப்பி அனுப்பிட்டே இருக்காங்க. இல்லைன்னும் சொல்றதில்லை.

வழக்குக்கட்டு:
அதுதான் பெரிய நோய், ஒப்புக்கொள்கிறேன். திருப்பி அனுப்புவது நிராகரிப்பு ஆகாது, அதனால் மேல்முறையீட்டுக்குப் போக வழியில்லாமல் நிற்பீர்கள். குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, எண் போட்டு, ஒரே கடிதத்தில் பதில் கொடுத்து, இதற்கு மேல் குறை இருந்தால் காரணத்துடன் உத்தரவு வழங்குமாறு கேளுங்கள். எழுத்தில் நிராகரிப்பு வந்தால் 1971 சட்டத்தின் பிரிவு 79-ன் கீழ் அரசுக்கு மேல்முறையீடு உண்டு. கோப்பு எந்த மேசையில் என்று தெரியவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்று விஷயம் கேளுங்கள்: கள ஆய்வு அறிக்கை, கோப்புக் குறிப்பு, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்.

மண்சரிவு_பொறியாளர்:
வரிசையையும் சொல்லிவிடுகிறேன், இதில் தடுமாறுபவர்கள் அதிகம். டோட்டல் ஸ்டேஷன் சர்வே முடித்து, கட்டடம் எங்கே உட்காரும் என்று முடிவு செய்து, அந்த ஒரே வரைபடத்தை நான்கு துறைக்கும் கொடுங்கள். தாளில் தேதியும் திருத்த எண்ணும் இருக்கட்டும். வனத்துறைக்குப் பயந்து கட்டடத்தை ஐந்து மீட்டர் கீழே நகர்த்தினால் கனிமவளத் துறை பார்த்த இடம் அது இல்லை. குழுமத்தில் நான்கு சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். நகர்த்தினால் நான்கு பேருக்கும் திருத்திய தாள் போக வேண்டும்.

கொடை_கல்சுவர்:
ஒன்னை விட்டுட்டோம். கட்டட அனுமதி கைக்கு வந்தாலும் பொக்லைன் இறக்க அது அனுமதி இல்ல. மண் வெட்ட, பாறை உடைக்க, போர் போட எல்லாத்துக்கும் வருவாய்த் துறையில தனித்தனியா கேட்கணும், நீலகிரியிலயும் இங்கயும். அனுமதி வந்த சந்தோஷத்துல மறுநாள் வண்டியை இறக்கி, வண்டி தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கிறது இங்க வாடிக்கை. 1.35 மீட்டர் வெட்டுதான்னா ஆளை வச்சே வெட்டிடலாம் தம்பி, கூலி கூடும், மண்ணு ஆடாது. வெட்டுன மண்ணை எங்க கொட்டப் போறீங்கன்னும் வரைபடத்துலயே குறிச்சிருங்க, ஓடைப்பக்கம் தள்ளுனா அதுக்கு வேற நோட்டீஸ்.